1850 கிராமில் பிறந்தவளுக்கு எடை ஏறவில்லை: பால் பத்தவில்லையா, இழுக்கத் தெம்பில்லையா?

இதே நிலையில் இருக்கும் மற்ற தாய்மார்களுக்கும் பயன்படட்டும் என்று உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எடுத்து வைத்துக்கொள்கிறேன். முதல் பிரசவம். 36 வாரத்தில் பனிக்குடம் உடைந்து பெண் குழந்தை, 1850 கிராம். 9 நாள் பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருந்துவிட்டு வீட்டுக்கு வரும்போது 1760 கிராம். 20-ஆம் நாள் 1900. இன்று 27-ஆம் நாள், 1990. மார்பில் போட்டால் ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடுகிறாள். நாளைக்கு ஏழெட்டு முறை பால், ஐந்து முறை சிறுநீர். ஒரு பக்கம் கொடுக்கும்போது மறுபக்கம் நைட்டி நனைகிறது. "உனக்குப் பால் பத்தல, பவுடர் வாங்கிக் கலக்கிக் குடு" என்கிறார் மாமியார். எனக்கு நிஜமாகவே பால் இல்லையா, டப்பா பால் வாங்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மருத்துவர் இல்லை. அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் 26 ஆண்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் பாதிக்கு மேல் உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகளைத் தாயின் மார்பில் பழக்குவதிலேயே போனது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். கடைசி 7 நாளில் 90 கிராம், அதாவது நாளுக்கு ஏறக்குறைய 13 கிராம். இரண்டு கிலோவை எட்டும் குறைமாதக் குழந்தைக்குக் கிலோவுக்கு 15 கிராம் வீதம் நாளுக்கு 30 கிராம் வரை ஏற வேண்டும். 20-க்குக் கீழே போனால் வார்டில் நாங்கள் சும்மா இருக்க மாட்டோம். ஆகவே உங்கள் கவலை நியாயமானது. மாமியாரின் கண்ணும் சரியாகத்தான் பார்த்திருக்கிறது, குழந்தைக்குப் பால் போதிய அளவு போகவில்லை. ஐந்து முறை சிறுநீரும் அதையேதான் சொல்கிறது, இந்த வயதில் ஆறுக்குக் குறையக் கூடாது. ஆனால் "உனக்குப் பால் இல்லை" என்று முடிவு கட்ட இந்த எண்களில் எதுவும் இல்லை. நைட்டி நனைகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் பால் இருக்கிறது அம்மா. அதை இழுத்து வயிற்றில் சேர்க்கும் தெம்பு அவளுக்கு இன்னும் வரவில்லை.

நிறைமாதக் குழந்தையின் கன்னத்தைத் தொட்டால் உள்ளே ஒரு கொழுப்புத் திண்டு தட்டுப்படும். மார்பை வாயில் கவ்வி இழுக்கும்போது கன்னம் உள்ளே ஒட்டாமல் அதுதான் தாங்கும். கடைசி நாலைந்து வாரத்தில்தான் அது கருவில் சேர்கிறது. உங்கள் மகளுக்கு அது கிடைக்கவில்லை. தாடையும் சின்னது, சீக்கிரம் அசந்துவிடும். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் ஒன்றோடொன்று சேர்த்துச் செய்யக் குழந்தைகள் 34 வாரம் வாக்கில்தான் பழகுகின்றன. 36 வாரத்துப் பிள்ளைக்கு அது தெரியும், ஆனால் நீண்ட நேரம் தாக்குப் பிடிக்காது. ஐந்து நிமிடத்தில் தூங்குவது வயிறு நிறைந்ததால் வரும் தூக்கம் என்று வீட்டில் நினைப்பார்கள். பெரும்பாலும் அது களைப்பில் வரும் தூக்கம். "சமத்துப் பிள்ளை, அழவே மாட்டேங்குது" என்று யாராவது பாராட்டினால் எனக்கு வயிற்றைக் கலக்கும். எடை குறைந்த பிள்ளை பசிக்கு அழுவதற்கும் தெம்பு வேண்டுமே.

இதில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. மார்பில் மிச்சம் நிற்கும் பால்தான் "போதும், குறைத்துக்கொள்" என்று உடம்புக்குச் சொல்கிறது. குழந்தை பாதியில் தூங்க, மார்பு பாதி நிறைந்தே கிடக்க, இரண்டு மூன்று வாரத்தில் சுரப்பு நிஜமாகவே குறையும். அப்போது பால் பத்தவில்லை என்று சொன்னவர்கள் சொன்னது பலித்துவிட்டதாகத் தோன்றும். நீங்கள் நாலாவது வாரத்தில் இருக்கிறீர்கள், நைட்டி இன்னும் நனைகிறது. இப்போதே கையில் எடுத்தால் திருப்பிவிடலாம்.

பல வருடம் முன்பு எங்கள் வார்டில் ஒரு தாய். பிள்ளை 1700 கிராம். பால் இல்லை, பால் இல்லை என்று அழுதுகொண்டே இருப்பாள். ஒரு நாள் காலை பிள்ளை குடித்து முடித்ததும் அவள் கையில் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்து, பீய்ச்ச உதவினேன். முதலில் சொட்டுச் சொட்டாக வந்தது. மூன்று நிமிடம் கழித்து மெல்லிய கம்பி போல டம்ளரின் பக்கத்தில் அடித்தது. அளந்தால் 40 மில்லி. பிள்ளை குடித்து முடித்து விட்ட மிச்சம் அது! அவள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள். பால் இல்லை என்ற பேச்சை அதன்பிறகு அவள் எடுக்கவில்லை. நீங்களும் இன்று அடுத்த முறை குழந்தை குடித்ததும் பீய்ச்சிப் பாருங்கள். முதல் தடவையே 40 வராது, 10 வந்தாலும் போதும். பீய்ச்சி வரும் அளவு கைப்பழக்கத்தையும் பொறுத்தது என்பதால் குறைவாக வந்தால் மனம் உடைய வேண்டாம்.

இனி என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். சில வாரங்களுக்கு, குழந்தை செய்ய முடியாத பாதி வேலையை நீங்கள் செய்து கொடுக்கப் போகிறீர்கள்.

ஏழெட்டு முறை போதாது. பத்திலிருந்து பன்னிரண்டு முறை. பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரவில் மூன்று மணி நேரம் தாண்டாமல். முந்திய தடவை ஆரம்பித்த நேரத்திலிருந்து எண்ணுங்கள், முடித்த நேரத்திலிருந்து எண்ணினால் நாள் முழுக்க இரண்டு தடவை குறைந்துவிடும். தூங்குகிற பிள்ளையை எழுப்பக் கூடாது என்பார்கள். இரண்டரை கிலோ, மூன்று கிலோ பிள்ளைக்கு அது சரியாக இருக்கலாம், இவளை எழுப்பித்தான் ஆக வேண்டும். சுற்றிய துணியை விலக்குங்கள், ஈரத் துணியை மாற்றுங்கள், முதுகுத்தண்டின் ஓரமாக விரலால் மேலும் கீழும் தடவுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். உள்ளங்காலைச் சுண்டி அழ வைக்க வேண்டாம். அழுதே பாதித் தெம்பு போய்விடும். கண்ணிமை துடிப்பது, வாயைச் சப்புக் கொட்டுவது, கையை வாய்க்குக் கொண்டுபோவது, இவையெல்லாம் தெரிந்த உடனே எடுத்தால் எழுப்பும் வேலையே பாதி குறையும்.

இரவுப் பாலைத் தவறவிடாதீர்கள். பாலைச் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம்.

பிடிக்கும் விதம். வலது மார்பில் கொடுக்கும்போது இடது கையால் குழந்தையைத் தாங்குங்கள். உள்ளங்கை அவள் முதுகின் மேல்பக்கம், கட்டைவிரலும் மற்ற விரல்களும் காதுகளுக்குக் கீழே கழுத்தை அணைத்தபடி. தலையின் பின்புறத்தை அழுத்தித் தள்ளக் கூடாது. அவள் வயிறு உங்கள் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். காம்பு மூக்குக்கு நேரே இருக்கும்படி வைத்தால் வாயை ஆவென்று திறப்பாள், அந்தக் கணத்தில் அவளை மார்புக்குக் கொண்டுவாருங்கள். மார்பை அவள் வாய்க்குக் கொண்டுபோகக் குனிந்தால் உங்கள் முதுகுதான் போகும். காம்பு மட்டும் வாயில் இருந்தால் வலிக்கும், பாலும் வராது. காம்பைச் சுற்றிய கருவளையத்தில் கீழ்ப்பக்கம் பெரும்பகுதி வாய்க்குள் போக வேண்டும், தாடை மார்பில் பதிய வேண்டும். தாடை வழுக்கி வழுக்கி விலகினால், மார்பைக் கீழிருந்து தாங்கும் வலது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அகட்டி, அந்தக் கவட்டில் அவள் தாடை உட்கார, இரண்டு விரலும் இரண்டு கன்னத்தை மெல்லத் தாங்கும்படி வையுங்கள். அவளுக்கு இல்லாத கன்னத் திண்டுக்கு உங்கள் விரல் ஈடு.

இப்போது தாடையைப் பாருங்கள். ஆரம்பத்தில் சட்சட்டென்று சின்னச் சின்னதாக உறிஞ்சுவாள், அது பாலை இறங்க வைக்கும் உறிஞ்சல். பால் இறங்கியதும் வேகம் குறைந்து, தாடை ஆழமாகத் திறந்து, ஒரு கணம் நின்று, தொண்டையில் 'க்க' என்று மெல்லிய சத்தம் கேட்கும். அதுதான் விழுங்கும் சத்தம். மின்விசிறியை நிறுத்தினால் நன்றாகக் கேட்கும். அந்தச் சத்தம் நின்று தாடை சும்மா நடுங்க ஆரம்பித்ததும், மார்பைக் கையால் முழுதாகப் பிடித்து மெல்ல அமுக்கி அப்படியே வைத்திருங்கள், பால் தானாக வாய்க்குள் போகும், மறுபடி விழுங்குவாள். அமுக்கியும் விழுங்கவில்லை என்றால் மறுபக்கம் மாற்றுங்கள். ஒரு பக்கத்தில் பால் குறையக் குறைய வருவதில் கொழுப்பு கூடும், எடையை ஏற்றுவது அந்தப் பின்பால்தான். "ஒரு பக்கம் அஞ்சு நிமிஷம், மறுபக்கம் அஞ்சு நிமிஷம்" என்று கடிகாரம் பார்த்து மாற்றினால் இரண்டு பக்கமும் தண்ணிப் பால் மட்டுமே அவளுக்குப் போகும். என் ஆரம்ப வருடங்களில் நானே தாய்மார்களுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அன்று எங்களுக்குக் கற்றுத் தந்தது அது. அதை நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது.

மொத்தமாக 25, 30 நிமிடத்துக்கு மேல் மார்பில் போராட விட வேண்டாம். குடிப்பதே அவளுக்கு வேலை, அதற்கும் சத்து செலவாகிறது. மார்பில் குடித்த பிறகு, முந்தைய தடவை பீய்ச்சி வைத்த பாலைச் சங்கில் கொடுங்கள். எவ்வளவு? 2 கிலோ குழந்தைக்கு நாளுக்குக் கிலோவுக்கு 160 மில்லி வீதம் 320 மில்லி தேவை. பத்துத் தடவை என்றால் தடவைக்கு 32. மார்பில் எவ்வளவு குடித்தாள் என்று நமக்குத் தெரியாது, ஆகவே 15 மில்லியில் தொடங்குங்கள். விரும்பிக் குடித்தால் 20. மூஞ்சியைத் திருப்பினால் விட்டுவிடுங்கள்.

சங்கு என்றால் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் அதே பாலாடைதான். இன்று பெரிய மருத்துவமனைகளிலும் குறைமாதப் பிள்ளைக்குப் புட்டியை விட்டு இதைத்தான் கொடுக்கிறார்கள். கழுவுவதும் கொதிக்க வைப்பதும் சுலபம், ரப்பர் காம்புக்குப் பிள்ளை பழகிவிடுமோ என்ற பயமும் இல்லை. ஆனால் கொடுக்கும் முறை முக்கியம். காலை நீட்டி அதன்மேல் பிள்ளையை மல்லாத்தி, அழ விட்டு, வாய் திறந்ததும் ஊற்றுவது சில வீடுகளில் இன்னும் நடக்கிறது. பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். குழந்தை விழித்திருக்க வேண்டும். மடியில் பாதி உட்கார்ந்த நிலையில் சாய்த்துப் பிடித்து, சங்கின் மூக்கைக் கீழ் உதட்டின் மேல் கடைவாய் ஓரமாக வைத்து, சிறிதளவு சாய்த்து, விழுங்கும்வரை காத்திருந்து அடுத்தது. சங்கையும் கிண்ணத்தையும் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவி 10 நிமிடம் கொதிக்க விடுங்கள்.

இந்த வேலையை மாமியாரிடம் கொடுங்கள் என்பது என் யோசனை. அவருக்குச் சங்கு பழகிய பொருள். அவர் சங்கில் கொடுக்கிற அந்தப் பத்து நிமிடத்தில் நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து அடுத்த தடவைக்குப் பீய்ச்சிவிடலாம். பவுடர் வாங்கச் சொன்னவர் பேத்தி இளைத்துப் போகிறாளே என்ற பதைப்பில் சொன்னார். தன் கையால் உங்கள் பாலை ஊட்டி, அது இறங்குவதைப் பார்த்தால் அவரே உங்களுக்குத் துணையாக மாறுவார். எத்தனையோ வீடுகளில் இது நடந்து பார்த்திருக்கிறேன்.

பீய்ச்ச மெஷின் வாங்கக் கட்டாயம் இல்லை. கையைக் கழுவி, வெதுவெதுப்பான ஈரத் துணியை மார்பில் இரண்டு நிமிடம் வைத்து, கட்டைவிரல் கருவளையத்தின் மேல் ஓரத்திலும் மற்ற விரல்கள் கீழ் ஓரத்திலும் வையுங்கள். முதலில் நெஞ்சுக்கூட்டைப் பார்த்துப் பின்னால் அழுத்தி, பிறகு விரல்களை ஒன்றை நோக்கி ஒன்றாக அமுக்கி, விடுங்கள். தோலின் மேல் விரலை வழுக்கக் கூடாது, காம்பை இழுக்கவும் கூடாது. விரல்களை இடம் மாற்றி மாற்றிச் சுற்றி வாருங்கள். பக்கத்துக்கு ஐந்து நிமிடம். யாராவது முதுகை, தோள்பட்டைக்கு நடுவில், கட்டைவிரலால் வட்டமாகத் தேய்த்துவிட்டால் பால் சீக்கிரம் இறங்கும். எடுத்த பாலை மூடி வைத்து, வெளியே என்றால் 4 மணி நேரத்துக்குள், நம் ஊர் சித்திரை வைகாசி வெயிலில் அதற்கும் முன்பே, கொடுத்துவிடுங்கள். பிரிட்ஜில் வைத்தால் 24 மணி நேரம். அடுப்பில் காய்ச்ச வேண்டாம், கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் வைத்தால் போதும். மேலே ஆடை மாதிரிப் பிரிந்து நின்றால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். அந்தக் கொழுப்புக்காகத்தான் இவ்வளவு பாடும், மெல்லச் சுழற்றிக் கலக்குங்கள்.

பால் இப்படி. அடுத்தது சூடு. எடை ஏறாத பிள்ளைகளில் பல பேர் குடித்த பாலை உடம்பைச் சூடாக வைத்துக்கொள்வதிலேயே எரித்துவிடுகிறார்கள். புறங்கையால் அவள் வயிற்றையும் உள்ளங்காலையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் வெதுவெதுப்பு என்றால் சரி. வயிறு சூடாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் குளிரோடு மல்லுக்கட்டுகிறாள், பாலின் சத்து அங்கே போகிறது. இரண்டும் சில்லென்று இருந்தால் உடனே நெஞ்சோடு அணைத்தபடி மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

இதற்கு மருந்து உங்கள் நெஞ்சுதான். கங்காரு பராமரிப்பு என்று வார்டில் சொல்லியிருப்பார்கள். கொலம்பியா நாட்டு பொகோட்டாவில் 1978-இல் இன்குபேட்டர் போதாமல் டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா தொடங்கிய முறை இது. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் நான்கு ஆப்பிரிக்க நாட்டு மருத்துவமனைகளும் சேர்ந்து செய்து 2021-இல் வெளியான ஆய்வில், 1800 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளைப் பிறந்த உடனே தாயின் நெஞ்சில் வைத்தபோது முதல் 28 நாளில் இறப்பு கால் பங்கு குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 8 மணி நேரமாவது, முடிந்தால் நாள் முழுக்கவும் என்கிறது. குழந்தைக்கு டயப்பர், தொப்பி, காலுறை மட்டும். உங்கள் இரு மார்புக்கும் நடுவில் நிமிர்த்தி, தலையை ஒரு பக்கம் திருப்பி, மூக்கு மூடாதபடி, கால்கள் தவளை மாதிரி மடங்கி இருக்க வைத்து, பழைய வேட்டியால் சுற்றிக் கட்டுங்கள். ஒரு தடவை வைத்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல். நீங்கள் தூங்கும்போது அப்பா வைத்துக்கொள்ளலாம், பாட்டியும் வைத்துக்கொள்ளலாம். நெஞ்சில் இருக்கும் பிள்ளை பசித்ததும் தானே மார்பைத் தேடும், பாலும் நன்றாக ஊறும்.

தினமும் தலைக்கு ஊற்றிக் குளிப்பாட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டரை கிலோ வரும்வரை நிறுத்திவிடுங்கள். வெதுவெதுப்பான துணியால் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெயை மெல்லத் தடவுவதில் தவறில்லை. மூக்கைப் பிடித்து எடுப்பது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட்டு ஊதுவது, தொக்கம் எடுப்பது எதுவும் வேண்டாம். சாம்பிராணிப் புகையும் இந்த நெஞ்சுக்கு ஆகாது. தேன், சீனித் தண்ணீர், கழுதைப்பால், வசம்பு, உரை மருந்து, கிரைப் வாட்டர் எல்லாவற்றுக்கும் என் பதில் ஒன்றுதான். 30 மில்லி கொள்ளும் வயிற்றில் இவற்றில் ஒரு சங்கு போனால் ஒரு சங்கு தாய்ப்பால் குறைகிறது, கூடவே கிருமியும் போகிறது. வைட்டமின் டி சொட்டு மருந்து நாளுக்கு 400 யூனிட் கொடுக்கச் சொல்லியிருப்பார்கள், அதை விடாதீர்கள். இரும்புச்சத்துச் சொட்டு எப்போது தொடங்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். எடை குறைந்த பிள்ளைக்குக் கருவில் சேமித்த இரும்பு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

உங்கள் சாப்பாடு. பத்தியம் என்று பூண்டுக் குழம்பும் சுட்ட கருவாடும் அரை வயிற்றுச் சோறும் மட்டும் கொடுத்தால் அது உங்களைத்தான் உருக்கும். பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கத்தைவிட நாளுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும், ஏறக்குறைய இன்னொரு வேளைச் சாப்பாடு. முட்டை, பருப்பு, கீரை, மீன், மோர், பழம், எதையும் ஒதுக்க வேண்டாம். தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள், பச்சை உடம்பு ஊதிவிடும் என்று தடுத்தால் கேட்காதீர்கள். சுறாப்புட்டு, பூண்டு, வெந்தயம் எல்லாம் பிடித்தால் சாப்பிடலாம், ஆனால் மார்பிலிருந்து பாலை எடுக்காமல் எதைச் சாப்பிட்டாலும் சுரப்பு கூடாது. இரும்பு, கால்சியம் மாத்திரைகளைப் பிரசவத்துக்குப் பின் 6 மாதம் போடுங்கள்.

எடை பார்ப்பதில் கவனம். ஒரே தராசு, உடம்பில் துணியில்லாமல், முடிந்தவரை ஒரே நேரம். நனைந்த டயப்பரே 50 கிராம் காட்டும், வயிற்றில் இருக்கும் பால் 30 கிராம் காட்டும். மெடிக்கல் ஷாப் தராசில் ஒரு நாள், ஆஸ்பத்திரித் தராசில் ஒரு நாள் பார்த்துவிட்டு அழாதீர்கள். உங்கள் நிலையில் நாலாவது நாள் ஒரு தடவை, ஏழாவது நாள் ஒரு தடவை பார்க்கலாம். நாலாவது நாளுக்குள் சிறுநீர் ஆறுக்கு மேல் போக வேண்டும். ஏழாவது நாள் குறைந்தது 140 கிராம் ஏறியிருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் கொழுகொழு பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். புனேயில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் நம் நாட்டுக் குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு அளந்து பார்த்தபோது, எடை குறைந்த நம் பிள்ளைகளுக்குத் தசைதான் அதிகம் குறைந்திருந்தது, கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. ஆகவே பவுடரால் வேகமாக ஊத வைப்பது நம் குறி ஆகாது, சீராக ஏறினால் போதும்.

பவுடர் பற்றிக் கேட்டீர்கள். இன்றைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. மேலே சொன்னதை ஒரு வாரம் முழுமூச்சாகச் செய்தும் எடை 20 கிராம் வீதம் ஏறவில்லை, பீய்ச்சியும் கூடுதல் பால் கிடைக்கவில்லை என்றால் மருத்துவர் சொல்லும் அளவுக்குக் கொடுக்கத்தான் வேண்டும். அப்போது அது உங்கள் தோல்வி ஆகாது. பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாது என்பதுதான் எல்லாவற்றுக்கும் முதல். அதற்கு முன் தாய்ப்பால் வங்கியில் கிடைக்குமா என்று கேளுங்கள். மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிதா பெர்னாண்டஸ் 1989-இல் தொடங்கிய வங்கி ஆசியாவிலேயே முதலாவது. நம்மிடமும் எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனை போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் உண்டு, ஆனால் அங்கே உள்நோயாளிக் குழந்தைகளுக்குத்தான் முதலிடம். பவுடர் கொடுக்க நேர்ந்தால் சங்கில் கொடுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கே கலக்குங்கள், பெரும்பாலும் 30 மில்லி கொதித்தாறிய தண்ணீருக்குத் தலைதட்டிய ஒரு கரண்டி. டப்பா சீக்கிரம் தீர்கிறதே என்று தண்ணீரைக் கூட்டிக் கலந்து, பிள்ளை வாடி வதங்கி வார்டுக்கு வந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். யாராவது இலவசமாக டப்பா கொடுத்தால் வாங்காதீர்கள், பால் பவுடர் விற்பனையைக் கட்டுப்படுத்தும் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்படிக் கொடுப்பதே குற்றம். பசும்பால் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், இது அவசரம். 2000 கிராமுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும், பிறந்த 30 நாளுக்குள். உங்கள் மகளுக்கு இன்று 27. டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பாருங்கள், செய்ததாக எழுதியிருக்கவில்லை என்றால் நாளைக்கே போங்கள். குறைமாதப் பிள்ளைகளின் கண்ணில் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்வதை அந்த வயதில் கண்டுபிடித்தால் பார்வையைக் காப்பாற்றலாம், வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அப்படியே காது கேட்கும் சோதனையும். போகிற இடத்தில் எடை ஏறாததைச் சொல்லி, சிறுநீரில் கிருமி, ரத்தசோகை, தைராய்டு, நாக்குக்கு அடியில் ஒட்டு, இதயம் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, மூச்சு இரைத்தாலோ அதை மறக்காமல் சொல்லுங்கள். மஞ்சள் காமாலை இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள், மஞ்சள் உள்ள பிள்ளை தூங்கிக்கொண்டே இருக்கும். மலம் வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி போனால் ஒரு நாள் கூடத் தள்ளிப்போடக் கூடாது.

பாலே குடிக்காமல் துவண்டு கிடந்தால், நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்கினால், மூச்சு விடும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால், உடம்பு சில்லிட்டாலோ சுட்டாலோ, வெட்டி இழுத்தால், உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளாக இருந்தால், இரவு எத்தனை மணியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். சாதாரணச் சந்தேகங்களுக்கு 104 இருக்கிறது, உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரும் இருக்கிறார்.

அதிகாலை மூன்று மணிக்குப் பால் கொடுத்துக்கொண்டே அழுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்து எனக்கும் கண் கலங்கியது. பகலில் ஒரு முறையாவது சேர்ந்தாற்போல மூன்று மணி நேரம் தூங்குங்கள், சமையலும் துணியும் வேறு யாராவது பார்க்கட்டும். அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், பிள்ளையைப் பார்க்கவே பிடிக்காமல் போனால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்கும் வைத்தியம் உண்டு.

கடைசியாக ஒரு கணக்கு. 36 வாரமும் 27 நாளும் கூட்டினால் 39 வாரம் 6 நாள். நாளைதான் அவள் பிறந்திருக்க வேண்டிய நாள். வளர்ச்சி அட்டையிலும் அவளை ஒரு மாதப் பிள்ளையாக வைத்துப் பார்க்காமல், நாளைய தேதியிலிருந்து எண்ணிப் பாருங்கள். இப்படிப்பட்ட பிள்ளைகள் பலருக்கு அந்தத் தேதியை ஒட்டித்தான் வாய்க்குப் பலம் வருவதைப் பார்த்திருக்கிறேன். அவள் தானாக விழித்துப் பசிக்கு அழுவாள், 'க்க' சத்தம் ஒரே மூச்சில் பத்துப் பன்னிரண்டு தடவை கேட்கும், சங்கில் கொடுப்பதைப் பாதியில் நாக்கால் தள்ளுவாள். அன்றிலிருந்து சங்குப் பாலைத் தடவைக்கு ஐந்து மில்லி குறையுங்கள், எடையைப் பார்த்துக்கொண்டே இன்னும் ஐந்து குறையுங்கள். குடிக்க வரும்போது இறுக மூடியிருக்கும் அவள் கை, குடித்து முடித்ததும் விரல் விரிந்து உங்கள் மார்பின் மேல் தளர்ந்து கிடக்கும். அப்படிக் கிடந்தால் அந்த வேளைக்குச் சங்கை எடுக்க வேண்டாம்.